எட்டரை மணி மழை

ஒச்சம்மாள் மழையைப் பற்றி உத்தேசமாக ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. "நல்ல மழை", "சும்மா தூத்தல்", "மண்ணு கூட நனையல" என்று ஊர் வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டிருக்கும். அவள் வாசலில் வந்து நின்று, "பதினொண்ணு புள்ளி நாலு" என்பாள். அதற்கு மேல் யாரும் பேச மாட்டார்கள். கவர்மெண்டு மழை அது.

திருச்சுழியிலிருந்து வீரசோழன் போகிற வழியில், உள்ளே தள்ளி ஒரு சின்ன அலுவலகம் எங்களுடையது. எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். பெயர்ப் பலகையில் பாதி எழுத்து வெயிலில் உதிர்ந்துவிட்டது, அதை ஒட்டவைக்கிற வேலை எனக்கு வேண்டாம். நான் சங்கர், அங்கே எழுத்தர். எங்களுக்கு அருப்புக்கோட்டையில் பலசரக்குக் கடை. மண் என்றால் எனக்குச் செருப்பில் ஒட்டுவது, அவ்வளவுதான் தெரியும். பதினைந்து வருடமாகப் பஸ்ஸில் போய் வருகிறேன். நான் சேர்ந்தபோதே ஒச்சம்மாள் அங்கே பழைய ஆள். கூட்டிப் பெருக்குவது, குடிதண்ணீர் பிடித்து வைப்பது, மேசை துடைப்பது அவள் வேலை. அதோடு மழை அளப்பதும்.

அந்த வேலை அவளுக்கு வந்த கதை சின்னது. முன்பு அளந்துகொண்டிருந்தவருக்கு மாற்றல் வந்தது. போகிற அவசரத்தில் கோடு போட்ட கண்ணாடி ஜாடியையும் சாவியையும் நோட்டையும் அவள் கையில் கொடுத்து, "நாளையிலேர்ந்து நீ பாரும்மா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார். அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. இருபத்தாறு வருடமாக அந்த 'நாளை' நடந்துகொண்டிருந்தது.

மழைமானி என்பது பெரிய இயந்திரம் ஒன்றும் இல்லை. அலுவலகத்தின் பின்பக்கம் சிமெண்டுத் திட்டில் முழங்கால் உயரத்துக்கு ஓர் உருளை. மேலே புனல், உள்ளே போத்தல். பெய்தது புனல் வழியாகப் போத்தலில் இறங்கும். காலை எட்டரைக்குப் பூட்டைத் திறந்து, போத்தலில் இருப்பதை ஜாடியில் ஊற்றி, எத்தனையாவது மில்லிமீட்டர் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். எட்டரை என்றால் எட்டரை. மகள் அனுசியாவின் கல்யாணத்தன்றைக்குக்கூடப் பட்டுச்சேலையோடு வந்து அளந்துவிட்டுப் போனவள் அவள்.

எங்கள் பக்கத்தில் வருடத்தில் முக்கால்வாசி நாள் அளப்பதற்கு ஒன்றும் இருக்காது. இருந்தாலும் திறப்பாள். காலி ஜாடியைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடிப்பாள். அதில் வானம் வளைந்து தெரியும். ஒரு காக்கை ஜாடியின் இந்தக் கோட்டில் நுழைந்து அந்தக் கோட்டில் வெளியே போகும். கரிசல் பூமி வெடித்துக் கிடக்கும், கானல் காலையிலேயே ஆட ஆரம்பித்திருக்கும், அதற்கு நடுவே ஒரு பெண் வெறும் ஜாடியை உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்பாள். பிறகு உள்ளே வந்து நோட்டில் பூஜ்யம், புள்ளி, பூஜ்யம் என்று எழுதுவாள். எனக்குத் தூக்கம் சொக்கிக்கொண்டு வரும். இது வேலையா, கனவா என்று சில நாள் நினைத்திருக்கிறேன்.

கனவும் அவளுக்கு வந்தது. "தூக்கத்துல மழை பெய்யுது சார். நான் ஜாடியப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன். சேலை நனையுது, காலு வரைக்கும் தண்ணி ஓடுது. ஜாடியில மட்டும் அஞ்சாவது கோட்டத் தாண்ட மாட்டேங்குது" என்று ஒருமுறை சொன்னாள். நான் சிரித்தேன். கனவிலும் சம்பளமில்லாமல் வேலை பார்க்கிற ஆள் என்று கேலி செய்தேன். அந்தக் கனவில்தான் உண்மை இருந்தது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

மானிக்குப் பக்கத்தில் ஒரு வேப்பமரம். அவள் நட்டது. இருபது வருடத்துக்கு முன்னால், பின்பக்கம் ஒதுங்க நிழல் இல்லையே என்று எங்கிருந்தோ ஒரு கன்றைப் பிடுங்கி வந்தாள். நட்டதும் சும்மா நடவில்லை. நோட்டு அட்டையின் உட்பக்கம் விதிகள் ஒட்டியிருக்கும். மானிக்குப் பக்கத்தில் மரமோ சுவரோ இருந்தால், அதன் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தள்ளி இருக்க வேண்டும் என்று அதில் ஒரு வரி. கன்று ஒன்றரை அடி. அவள் எட்டடி தள்ளி நட்டாள். விதி கேட்டதற்கு மேலேயே இடம் விட்டாள். அன்றைக்கு அது சரி.

மழை பெய்த நாளெல்லாம் அளந்து முடித்ததும் ஜாடியில் இருக்கும் தண்ணீரை அந்தக் கன்றின் தூரில் ஊற்றுவாள். "எழுதியாச்சுல்ல, இனி மழைக்கு என்ன வேலை" என்பாள். அளந்த மழையெல்லாம் குடித்து மரம் வளர்ந்தது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது கூரை உயரம். பிறகு கூரையைத் தாண்டிக் கிளை விரித்தது. என் பைக்கை, பஸ் ஓடாத நாட்களில் கொண்டு வரும் பைக்கை, அதன் அடியில்தான் நிறுத்துவேன். சித்திரையில் மழைமானியின் புனல் நிறைய வேப்பம்பூ விழுந்து கிடக்கும். ஒச்சம்மாள் அதை அள்ளி முந்தானையில் முடிந்து ரசத்துக்குக் கொண்டு போவாள். எனக்கும் ஒரு பொட்டலம் தருவாள். நல்ல பூ. கசப்பு அளவாக இருக்கும்.

அவள் புருசன் பால்பாண்டி. இரண்டு பேரும் கல்யாணமான புதிதில் அடுத்தவர் காட்டில் களை எடுத்தவர்கள். கூலி வேலை பார்த்தே சொந்தமாக மூன்று குறுக்கம் நிலம் வாங்கினார்கள். வானம் பார்த்த கரிசல் காடு. அலுவலகத்தின் மாடியில் நின்றால் தெரியும், கூப்பிடு தூரம். உளுந்து, கம்பு, மல்லி என்று போட்டு எடுத்தார் பால்பாண்டி. அவருக்கு ஜாடி கிடையாது, கைதான். மழை விட்ட மறுநாள் விடியலில் காட்டில் போய் உட்கார்ந்து, மண்ணுக்குள் கையை விடுவார். ஈரம் எதுவரை இறங்கியிருக்கிறது என்று விரல் சொல்லும். ஒரு சாண் என்றால் விதைக்கலாம். அரைச் சாண் என்றால் அடுத்த மழைக்குக் காத்திருக்க வேண்டும்.

முதலில் எல்லாம் அவர் கையும் இவள் ஜாடியும் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தன. அதில் இரண்டு பேருக்கும் பெருமை. போகப்போக ஒத்துவரவில்லை. எட்டு வருடத்துக்கு முந்தைய ஐப்பசியில் ஒருநாள் நான் பார்க்கவே அது நடந்தது. பால்பாண்டி முழங்கை வரை சேற்றோடு அலுவலக வாசலுக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"புள்ள, ஒரு சாண் எறங்கியிருக்கு. உளுந்து போட்ருவோம்."

ஒச்சம்மாள் நோட்டைப் பார்த்துவிட்டு, "பன்னெண்டு மில்லிதேன். பன்னெண்டுக்கு ஒரு சாண் எப்படி எறங்கும்? மேல் ஈரத்தப் பாத்து ஏமாறாதீக" என்றாள்.

"கை வச்சுப் பாத்தேன் புள்ள."

"கை என்னங்க கை. இது அளவு."

அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கைலியில் துடைத்துக்கொண்டார். அந்தத் துடைப்பு எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. அந்த வருடம் விதைக்கவில்லை. பக்கத்துக் காட்டுக்காரர்கள் விதைத்தார்கள், விளைந்தது. அவர்களுக்குப் பின்மழை வாய்த்துவிட்டது என்றாள் ஒச்சம்மாள். மழை என்ன பத்திரம் பார்த்து, வரப்பு பார்த்தா பெய்யும்? அதை நானும் கேட்கவில்லை. கேட்க எனக்கு நேரமும் இல்லை, அப்போது நான் ஒரு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தேன். வருடவாரியாக மழை அளவு, சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில். கோடு படிக்கட்டு மாதிரி இறங்கிக்கொண்டே வந்தது. அழகாக வந்தது என்று எனக்குத் திருப்தி. சுவரில் ஒட்டி, வருடா வருடம் நீட்டிக்கொண்டும் வந்தேன். வருகிற சம்சாரிகள், வெள்ளாமை போடுகிறவர்கள், எல்லாம் அதைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டுப் போவார்கள். திருச்சுழியில் நல்ல மழையாமே என்று யாராவது சொன்னால், நமக்கு வாய்க்கவில்லை என்போம். இந்தப் பக்கம் அது சகஜம்தான், ஓர் ஊரில் பெய்யும், அடுத்த ஊர் காயும். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அதற்கடுத்த வருடமும் பால்பாண்டி கை வைத்துப் பார்த்தார், ஆனால் எவ்வளவு என்று சொல்லவில்லை. "நோட்டுல எம்புட்டு?" என்று மட்டும் கேட்டார். அதற்கும் அடுத்த வருடம் காட்டுக்கே போகவில்லை. தூத்துக்குடி ரோட்டில், பந்தல்குடியில் லாரிகள் நிறுத்துகிற ஒரு செட்டில் வாட்ச்மேன் வேலைக்குப் போய்ச் சேர்ந்தார். ஆறு வருடம் ஆகிறது. காட்டில் சீமைக்கருவேலம் அடர்ந்து பச்சைப்பசேல் என்று நின்றது. மழையே இல்லாத காட்டில் அது எப்படி அப்படித் தழைக்கிறது என்றும் யாரும் கேட்கவில்லை.

போன ஐப்பசியில் சோலார் கம்பெனிக்கு இடம் பார்க்கிற புரோக்கர் வந்தார். பால்பாண்டி தலையாட்டிவிட்டார். "மழை இல்லாத காட்ட வச்சுக்கிட்டு என்ன சார் செய்ய? வெயிலாச்சும் வெளையட்டும்" என்று என்னிடம் சொன்னார். வெள்ளிக்கிழமை திருச்சுழியில் பத்திரம் என்று முடிவானது. காட்டை விற்பதற்கு அவர்கள் வீட்டில் இருந்த காரணம் இது ஒன்றுதான். கடனும் இல்லை, கஷ்டமும் இல்லை. மழை இல்லை, அவ்வளவுதான்.

அதே வாரம் திங்கட்கிழமை, பக்கத்துப் பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு தானியங்கி மழைமானியை நட்டுவிட்டுப் போனார்கள். அது அளப்பது போனிலேயே தெரியும். அன்று சாயங்காலமே மழை. மறுநாள் எட்டரைக்கு ஒச்சம்மாள் "பதிமூணு" என்றாள். நான் போனைப் பார்த்தேன். நாற்பத்தொன்று.

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. உடனே பள்ளிக்கூடத்துக்குப் போய் அந்தக் கம்பத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தாள். "உள்ள பல்லி கிடக்கும் சார். இல்லாட்டி பிள்ளைக தண்ணி ஊத்தியிருக்கும். மிஷினு பொய் சொல்லுது" என்றாள். அதை நிரூபிக்காமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரே அளவான இரண்டு காலி பெயிண்ட் டப்பாக்களைக் கழுவி எடுத்தாள். ஒன்றைத் தன் மானிக்குப் பக்கத்தில் வைத்தாள். இன்னொன்றை முன்பக்கம், வெட்டவெளியில், சுற்றிக் கல் வைத்து நிறுத்தினாள். "ரெண்டுலயும் ஒரே அளவுதேன் நிக்கும். அந்தச் செத்த மிஷின நட்டவுகளக் கூட்டியாந்து காட்டுறேன்" என்றாள். செவ்வாய்க்கிழமை சாயங்காலமும் பெய்தது.

புதன்கிழமை காலை நான் வந்தபோது அவள் மானிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். கையில் விளக்குமாற்று ஈர்க்குகள் இரண்டு. டப்பாவில் நின்ற தண்ணீரின் உயரத்துக்கு ஒவ்வொன்றையும் ஒடித்திருந்தாள். ஒன்று சுண்டுவிரல் நகம் அளவு. மற்றது அதைப்போல மூன்று மடங்கு.

"சார், முன்பக்க டப்பாவுல நீங்க தண்ணி ஊத்துனீகளா?"

"நான் எதுக்கு ஊத்தப்போறேன்?"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்போது மேலிருந்து ஒரு சொட்டு அவள் பிடரியில் விழுந்தது. மழை விட்டு வெகுநேரமாகியிருந்தது. அவள் அண்ணாந்து பார்த்தாள். நானும் பார்த்தேன். வானம் இருக்க வேண்டிய இடத்தில் பச்சை இலைகள். மானிக்கு நேர் மேலே இரண்டு கிளைகள் கைகோத்துக்கொண்டு நின்றன. இலைநுனிகளில் வழிந்த தண்ணீர் திட்டைச் சுற்றி ஒரு வட்டமாகச் சொட்டியிருந்தது. மண்ணில் அந்த வட்டம் பள்ளமாக, பல வருடத்துப் பள்ளமாக இருந்தது.

பூ விழுவதைப் பார்த்தோம். அள்ளி ரசம் வைத்துக் குடித்தோம். பூ விழுகிற இடத்தில் மேலே மரம் இருக்கிறது என்று தோன்றவில்லை. மழை குறைந்துபோனதைப் பற்றி நாங்கள் அத்தனை பேரும் அந்த நிழலில் நின்றுதான் பேசியிருக்கிறோம்.

ஒச்சம்மாள் உள்ளே வந்து பழைய நோட்டுகளைத் தரையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். புரட்டினாள். "மரம் எப்ப சார் இம்புட்டுப் பெருசாச்சு?" என்று கேட்டாள். நான் சுவரில் இருந்த என் சிவப்புக் கோட்டைப் பார்த்தேன். இதோ, வருடவாரியாக இருக்கிறது. தலைகீழாகத் திருப்பிப் பிடித்தால் அது மரம் வளர்ந்த கணக்கு. நடுவில் ஓரிரு வருடம் நிஜமாகவே வறட்சிதான். மற்ற வருடங்களில் மழை வந்து, இலையில் உட்கார்ந்து, பக்கத்தில் இறங்கிப் போயிருக்கிறது. எனக்கு வெட்கமாக இருந்தது. படித்தவன் நான். விதி ஒட்டிய நோட்டில் மாதாமாதம் கூட்டல் போட்டவன் நான். வரைபடத்தைக் கிழித்தேன். கிழித்து என்ன பண்ண?

அவள் அழவில்லை. "அவுக கையைப் பொய்னு சொன்னேன் சார்" என்று மட்டும் சொன்னாள். மத்தியானம் லீவு கேட்டாள். நான் பார்த்து அவள் கேட்ட முதல் லீவு. இரண்டு ஈர்க்கையும் மணிபர்சில் வைத்துக்கொண்டு அருப்புக்கோட்டை பஸ் ஏறி, அங்கிருந்து பந்தல்குடிக்குப் போனாள்.

அங்கே நடந்ததைப் பிறகு அவளே சொன்னாள். லாரி செட்டின் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் பால்பாண்டி உட்கார்ந்திருந்திருக்கிறார். இவள் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அவர் ஈர்க்குகளை வாங்கி உள்ளங்கையில் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்திருக்கிறார். லாரி ஒன்று திரும்பி, புழுதி பறந்து அடங்கியிருக்கிறது. அப்புறம்தான் கேட்டிருக்கிறார்.

"அப்ப அந்த ஐப்பசியில உளுந்து போட்டிருக்கலாமா புள்ள?"

"போட்டிருக்கலாங்க."

"அதுக்கு மறு வருசம்?"

"அதுக்கும்."

கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்றாள் ஒச்சம்மாள். அவர் கத்தவில்லை. காட்டை விற்க வேண்டாம் என்று இவள் சொல்லியிருக்கிறாள். "டூட்டி முடியட்டும். வாரேன்" என்று மட்டும் அவர் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

வியாழக்கிழமை சாயங்காலம் மறுபடி மழை. வெள்ளிக்கிழமை, பத்திர நாள், எட்டரைக்கு ஒச்சம்மாள் வரவில்லை. எட்டே முக்கால் வரை பார்த்தேன். பிறகு நானே சாவியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். ஜாடியைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். பத்து. அந்தப் பத்தை எழுதுவதா, வேண்டாமா என்று புரியவில்லை. மாடிக்கு ஏறினேன்.

ஈரத்தில் பூமி ஆவி விட்டுக்கொண்டிருந்தது. கரிசல் அன்றைக்கு அப்படி ஒரு கறுப்பு. கருவேலம் நடுவே ஒரு திட்டு இடம் வெட்டி ஒதுக்கப்பட்டிருந்தது. அதில் இரண்டு பேர். ஒருவர் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார், ஒருத்தி நின்றிருந்தாள். ஆவி ஏறி ஏறி அவர்கள் இருப்பதும் மறைவதுமாக இருந்தார்கள். எட்டு வருடத்துக்கு முந்தைய காலை ஒன்றை யாரோ திரும்பக் கொண்டுவந்து அங்கே வைத்ததுபோல் இருந்தது எனக்கு. அங்கே பேசியது என்ன என்று மதியம் அவள் வந்து சொல்லித்தான் தெரியும்.

பால்பாண்டி மண்ணுக்குள் கையை விட்டிருக்கிறார். வெகுநேரம் அப்படியே இருந்திருக்கிறார். பிறகு தலையைத் தூக்கி, "தெரியல புள்ள" என்றிருக்கிறார்.

"என்ன தெரியல?"

"ஈரம் எது வரைக்கும்னு தெரியல. எல்லாம் ஒண்ணு போலக் குளுருது. நோட்டுல எம்புட்டு? நீ சொல்லு."

"நான் இன்னைக்கு நோட்டப் பாக்கல. நீங்கதேன் சொல்லணும்" என்றிருக்கிறாள்.

அவர் இன்னொரு கையையும் உள்ளே விட்டார். அந்த நேரம் சட்டைப் பையில் போன் அடித்தது. புரோக்கர்தான், திருச்சுழியில் காத்துக்கொண்டிருப்பவர். இரண்டு கையும் சேற்றில். அவர் எடுக்கவில்லை, இவளை எடுக்கச் சொல்லவும் இல்லை. அடித்து நின்று, மறுபடி அடித்து நின்றது. கண்ணை மூடிக்கொண்டு விரல்களை உள்ளேயே மெல்ல நகர்த்தினார்.

"ஒரு சாண் இருக்கும் போல" என்றார் கடைசியில். சொல்லிவிட்டு, பரீட்சை எழுதிய பிள்ளை போல இவள் முகத்தைப் பார்த்தார். "சரியா புள்ள?"

"சரிதாங்கன்னேன்" என்றாள் ஒச்சம்மாள் என்னிடம். அவள் சேலையில் முழங்கால் வரை கரிசல் காய்ந்து வெடித்திருந்தது. "அளக்காமலே சொன்னேன் சார்."